மூன்றாவது பிரதி

பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூட இவ்வளவு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். படத்தைச் சேமித்துவைக்கும் டிரைவ் ஒன்று வாங்கப் போனால் சினிமா எடிட்டர்கள் கடைக்காரனை உட்கார வைத்துக் குடைந்து எடுத்துவிடுவார்கள். எவ்வளவு கொள்ளும், என்ன வேகம், சூடாகுமா, கீழே விழுந்தால் பிழைக்குமா, எத்தனை வருஷம் உழைக்கும் என்று போகும் அந்த விசாரணை. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு படத்தை எடுக்க ஐம்பது பேர் வெயிலில் காய்ந்திருப்பார்கள். அத்தனையும் கடைசியில் வந்து அடங்குவது உள்ளங்கை அகலப் பெட்டிக்குள்தான்.

அமலோற்பவம் இருபத்தாறு வருஷமாக எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்திருப்பவள். ஆவணப்படங்கள்தான் அதிகம். அதனால் பெயரும் கிடையாது, பெரிய வசதியும் கிடையாது. சாலிகிராமத்தில் இரண்டாவது மாடி வாடகை வீட்டில் ஒரு அறையைக் கறுப்புத் திரை போட்டு மூடி, அதற்குள் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு மானிட்டர், நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி. டிரைவ் விஷயத்தில் அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வேலை செய்ய வேகமானது ஒன்று. அதை ஒவ்வொரு படம் முடிந்ததும் துடைத்துவிடலாம். முடிந்த படத்தின் மொத்த ஃபுட்டேஜுக்கும் மூன்று பிரதிகள்: ஒன்று தன்னிடம், ஒன்று பக்கத்தில் வளசரவாக்கத்தில் தங்கை வீட்டில், ஒன்று டைரக்டர் வீட்டில். வீடு பற்றி எரிந்தாலும் படம் பிழைக்க வேண்டும் என்பாள்.

வேம்புலி என்ற டைரக்டரின் படத்தை முடித்த மாதம் அவளிடமிருந்த பழைய டிஸ்க்குகள் எல்லாம் நிரம்பி வழிந்தன. இரண்டு முனக ஆரம்பித்திருந்தன. ஒரு சனிக்கிழமை காலை ரிச்சி தெருவுக்குப் போனாள். ஹபிபுல்லா பாய் கடை மூன்றாவது சந்தில், ஏழடிக்கு எட்டடி. அவளுடைய முதல் டிஸ்க்கை விற்றதும் அவர்தான்.

"பாய், நூறு டெரா வேணும். பழைய மாதிரியே குடுங்க."

"போட்டத அப்படியே வச்சிருக்குமே, அந்த மக்கு டிரைவா?" பாய் சிரித்தார். "அதெல்லாம் கண்ணுல படறதே இல்லம்மா இப்ப. வர்றத எல்லாம் பெரிய சர்வர்க்காரங்க கப்பல்லயே வளைச்சுப் போட்டுடறாங்க. ஒண்ணு ரெண்டு வந்தாலும் யானை விலை. எல்லாரும் புத்தி டிரைவுக்கு மாறிட்டாங்க. நேத்துகூட ஒரு சீரியல் கம்பெனி பன்னெண்டு வாங்கிட்டுப் போச்சு."

"அது என்னதான் பண்ணும்?"

"நீங்க போடற ஷாட்ட இது உக்காந்து பாக்கும். கடல்னா கடல், காக்கான்னா காக்கா, பேச்சுன்னா யார் என்ன பேசறாங்கன்னு புரிஞ்சுக்கும். மூணு மாசம் வரைக்கும் அப்படியே வச்சிருக்கும். அதுக்கப்புறமும் நீங்க அந்த ஷாட்ட தொடலைன்னா, புள்ளி புள்ளியா சுமந்துக்கிட்டு இருக்காது. விஷயத்த மட்டும் வச்சுக்கிட்டு மத்தத விட்டுடும். நீங்க கேட்டா திரும்ப வரைஞ்சு குடுக்கும்."

"வரைஞ்சா?"

"பயப்படாதீங்க. வித்தியாசம் தெரியாது. உங்க கல்யாணத்த நினைச்சுப் பாருங்க. நிமிஷம் நிமிஷமாவா ஞாபகம் இருக்கு? ஆனா சொல்லச் சொன்னா ஒண்ணு விடாம சொல்லுவீங்கல்ல? அந்த மாதிரிதான்."

அமலோற்பவத்துக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதை பாயிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

"எல்லாத்தையும் அப்படியே வைன்னு சொல்ல முடியாதா?"

"முடியுமே. ஆனா அப்ப பத்துல ஒரு பங்குதான் கொள்ளும். பத்து டிரைவ் வாங்கணும். வாங்கறீங்களா?"

அவள் வெகுநேரம் யோசித்தாள். பாய் டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தாள். அவர் போட்டுக்காட்டிய மாதிரிப் படத்தை முகத்தைக் கிட்டே வைத்துக்கொண்டு பார்த்தாள். மயிரிழை குறை கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் வேலை செய்ய மக்கு டிரைவ் ஒன்று, சேமிக்கப் புத்தி டிரைவ் மூன்று என்று முடிவு செய்தாள். மூன்று பிரதிகள் என்ற கட்டுப்பாட்டை அவள் மீறவே இல்லை. மூன்றும் ஒரே ஜாதியாக இருந்தால் அது ஒன்றுக்குச் சமம் என்பது அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று டிரைவிலும் ஃபுட்டேஜை ஏற்றினாள். நாற்பது ஷாட்டைத் திறந்து தலையும் நடுவும் வாலும் பார்த்தாள். எல்லாம் கண்ணாடிபோல இருந்தன. இருக்காமல் என்ன, ஏற்றி ஒரு நாள்தானே ஆகியிருந்தது. பழைய டிஸ்க்குகளைத் துடைத்து பாயிடமே மாற்றிக்கொண்டாள்.

வேம்புலியின் படம் கிளியந்திட்டு என்ற கடலோர ஊரைப் பற்றியது. அவன் காசிமேட்டுக்காரன், கருவாடு காயவைக்கும் பெண்களைப் பற்றி ஒரு சின்னப் படம் எடுக்கத்தான் அங்கே போனான். ஊரை ஒட்டிக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று இருந்தது. ஒரு நாள் மதியம் கேமராவைக் கரையில் முக்காலியில் நிறுத்தி, ஓடவிட்டுவிட்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் டீ குடிக்கப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் ஆலையில் குளோரின் குழாய் விரிசல் விட்டுவிட்டது. கடற்காற்று கரையிலிருந்து ஊரைப் பார்த்து வீசிக்கொண்டிருந்த நேரம். வாயு முழுவதும் வீடுகளுக்குள் போனது. பதினேழு பேர் செத்தார்கள். கரையில் நின்ற கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எச்சரிக்கைச் சைரன் மூன்று மாதமாகக் கெட்டுக் கிடந்தது, அன்றைக்கு அடிக்கவே இல்லை என்று ஊரே சொன்னது. கேமராவும் அதையே சொன்னது. இரண்டு இருபதிலிருந்து மூன்று மணி வரை ஓடிய அந்த நாற்பது நிமிஷத்தில் காற்றும் காக்கையும் அலையும் இரண்டு பெண்களின் பேச்சும்தான் இருந்தன. சைரன் இல்லை. எடிட்டிங்கில் ஷாட்டுகளுக்கெல்லாம் சுருக்கமாக ஒரு பெயர் வைப்பது வழக்கம். 'நாய் குறுக்கே', 'படகு திரும்புது' என்கிற மாதிரி. சைரன் அடிக்காததைக் காட்டுவது என்பதால் இதற்கு அமலோற்பவம் 'சைரன் ஷாட்' என்று பெயர் வைத்தாள். அதிலிருந்து நாற்பது விநாடியைப் படத்தில் போட்டு, வெறும் காற்றோசையை ஜனங்கள் உட்கார்ந்து கேட்கமாட்டார்கள் என்று மேலே புல்லாங்குழலையும் சேர்த்தாள். படம் நான்கு ஊர்களில் திரையிடப்பட்டது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

இரண்டு வருஷம் கழித்து விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. ஆலைக்காரர்கள் தங்கள் பதிவேட்டிலிருந்து ஒரு நேரப் பட்டியலை நீட்டினார்கள்: சைரன் இரண்டு நாற்பத்திரண்டுக்கு அடித்தது, ஒன்பது நிமிஷம் அடித்தது, கேட்டும் சிலர் அலட்சியமாக இருந்துவிட்டார்கள். படத்தைக் காட்டினால் அதில் புல்லாங்குழல்தான் கேட்டது. வெட்டாத மூல ஷாட்டைக் கொண்டுவாருங்கள் என்றது ஆணையம்.

"உன்கிட்ட இருக்குல்லக்கா?" என்றான் வேம்புலி போனில்.

"மூணு இருக்கு," என்றாள் அமலோற்பவம். குரலில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

"செல்லக்கிளியையும் இட்டுனு வரேன். அது பாக்கணும்னு சொல்லுது."

செல்லக்கிளியை அமலோற்பவம் நேரில் பார்த்ததில்லை. ஆனால் மானிட்டரில் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறாள். சைரன் ஷாட்டில் கருவாட்டைப் புரட்டிப்போடும் இரண்டு பெண்களில் ஒருத்தி. கூட இருந்த வள்ளியம்மை தண்ணீர் குடிக்க இடையில் வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை. செல்லக்கிளி மூன்றரை மணிவரை கரையிலேயே இருந்துவிட்டாள். வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்த ஏழு வயது மகள் சிந்தாமணி அதற்குள் இறந்துபோயிருந்தாள். கரையிலிருந்து வீடு முந்நூறு தப்படி. சைரன் அடித்திருந்தால் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வர நேரம் இருந்தது. அதனால்தான் ஆலைக்காரர்களின் பட்டியல் ஊருக்குள் வந்ததும் மற்ற பதினாறு குடும்பங்களுக்கு அது வழக்காக இருந்தது, அவளுக்கு மட்டும் 'கேட்டும் நீ ஏன் ஓடவில்லை' என்ற கேள்வியாக ஆனது. அவளுடைய கணவன் முருகையன் அன்றைக்குக் கடலில் இருந்தவன். பட்டியலைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளோடு பேசுவதில்லை.

அவர்கள் வந்தபோது காலை பதினோரு மணி. செல்லக்கிளிக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். மானிட்டரில் இருந்தவளுக்கு இவள் மூத்த அக்கா என்று சொல்லலாம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து நீட்டினாள்.

"நெத்திலி, அக்கா. மண்ணு இருக்காது. நானே பாத்து காயவச்சது."

"எதுக்கும்மா இதெல்லாம்," என்று வாங்கிக்கொண்டாள் அமலோற்பவம்.

"எங்க வீட்டுக்காரவுக ஒரே ஒரு தடவதான் கேட்டாக. 'நெசமாவே ஒனக்குக் கேக்கலயா'ன்னு. கேக்கலன்னேன். அதுக்கப்பறம் வாயே தொறக்கல. இந்தப் படத்த அவுகளுக்குப் போட்டுக் காட்டணும், அக்கா. ஆணையம் எல்லாம் பொறவு. மொதல்ல அவுக பாக்கணும்."

"காட்டலாம்மா. அதுக்குத்தானே பத்திரமா வச்சிருக்கேன்."

டிரைவை மாட்டி ஷாட்டைத் திறந்தாள். கரை வந்தது, வெயில் வந்தது, பாய்களில் கருவாடு. செல்லக்கிளி தன்னைத்தானே பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வள்ளியம்மை ஏதோ சொல்லிச் சிரித்தாள். நேரம் இரண்டு நாற்பதைத் தாண்டியது.

இரண்டு நாற்பத்திரண்டுக்கு, காற்றுக்குப் பின்னால், மெல்லியதாக ஒரு சத்தம் எழுந்தது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

அமலோற்பவம் நிறுத்தினாள். பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். இருந்தது. சந்தேகமே இல்லை, சைரன்தான்.

"இன்னாக்கா இது?" வேம்புலி எழுந்து நின்றுவிட்டான். "இது இல்லியே! நூறு வாட்டி பாத்துருக்கமே!"

"இல்லக்கா," என்றாள் செல்லக்கிளி உறுதியாக. "அடிக்கல. அடிச்சா நான் ஓடியிருப்பேன்ல."

அமலோற்பவம் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போனாள். பீரோவிலிருந்த இரண்டாவது டிரைவோடு முக்கால் மணியில் திரும்பினாள். இரண்டாவது பிரதியிலும் சைரன் இருந்தது. ஆனால் இரண்டு நாற்பத்துநாலுக்கு ஆரம்பித்தது. குரலும் வேறு, கனமாக, கப்பல் ஊதுவதுபோல இருந்தது. ஒரே ஷாட், இரண்டு சைரன்.

செல்லக்கிளி நாற்காலியை மானிட்டருக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அமலோற்பவம் அடுத்த அறைக்குப் போய் ஹபிபுல்லா பாயைக் கூப்பிட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எத்தன நாளா அந்த ஷாட்ட திறக்காம வச்சிருந்தீங்க?"

"ரெண்டு வருஷம்."

"அந்த ஷாட்டுக்கு என்ன பேரும்மா வச்சீங்க?"

அமலோற்பவம் சொன்னாள்.

"பேரையும் சேத்துத்தாம்மா அது படிக்கும். எடிட்டரே சைரன்னு எழுதி வச்சிருக்காங்கன்னா உள்ள சைரன் இருக்கணும், காத்துல சரியா பதிவாகலன்னு எடுத்துக்கும். வரையும்போது அதையும் சேத்து வரைஞ்சுடும். மூணு டிரைவும் தனித்தனியா யோசிக்கறதால மூணும் மூணு விதமா இருக்கும்."

"இல்லாதத இல்லன்னு வச்சுக்காதா, பாய்?"

"இருக்கறதத்தானேம்மா அது புரிஞ்சுக்கும்? ஒண்ணு இல்லைங்கறத எப்படிப் புரிஞ்சுக்கறது?"

"பழசத் திருப்பி எடுக்கணும். எவ்வளவு செலவானாலும் பரவால்ல."

"எதைத் திருப்பறது? அதுகிட்ட அது இல்லையேம்மா." பாயின் குரல் தணிந்திருந்தது. "நான் அன்னிக்கு இதச் சொல்லியிருக்கணும். சீரியல்காரங்க யாரும் இப்படி ஒரு விஷயம் கேட்டதில்ல."

அவர்மேல் கோபப்படக்கூட அமலோற்பவத்துக்கு வழி இல்லை. டீ குடித்துக்கொண்டே தேர்ந்தெடுத்தவள் அவள். பெயர் வைத்தவளும் அவள். சத்தமில்லாத நாற்பது விநாடியைக்கூட ஜனங்கள் தாங்கமாட்டார்கள் என்று புல்லாங்குழல் போட்டவளும் அவள்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து செல்லக்கிளி முன்னால் உட்கார்ந்து, தெரிந்த வார்த்தைகளில் எல்லாவற்றையும் சொன்னாள். இந்தச் சத்தம் பொய், மெஷின் தானாகச் சேர்த்தது, தப்பு என் பேரில்தான் என்றாள்.

"அது எதுக்குக்கா நம்மளப் பத்திப் பொய் சொல்லப்போவுது? அதுக்கு என்ன தெரியும்?" என்றாள் செல்லக்கிளி.



மறுநாள் காலை வேம்புலி தன் வீட்டுப் பிரதியைக் கொண்டுவந்தான். செல்லக்கிளியும் கூட வந்தாள். இரவு காசிமேட்டில் அவனுடைய கூடப்பிறந்த அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். நீ இதைப் பார்க்க வேண்டாம், கீழே போய் டீ குடித்துவிட்டு வா என்று அமலோற்பவம் எவ்வளவோ சொல்லிப்பார்த்தாள். அவள் நகரவில்லை. "என் படந்தானக்கா," என்றாள்.

மூன்றாவது பிரதியில் சைரன் இரண்டு நாற்பத்தொன்றுக்கு அடித்தது. அது மட்டும் என்றால் பழகிப்போயிருக்கும். இந்த டிரைவ் இன்னும் கொஞ்சம் யோசித்திருந்தது. சைரன் அடித்தால் மனிதர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

மானிட்டரில் செல்லக்கிளி கருவாட்டைப் புரட்டுவதை நிறுத்தினாள். நிமிர்ந்தாள். கையைக் கண்ணுக்கு மேல் வைத்து ஆலைப் பக்கம் பார்த்தாள். நாலு விநாடி இருக்கும். பிறகு குனிந்து மறுபடி புரட்ட ஆரம்பித்தாள்.

அமலோற்பவம் பாய்ந்து நிறுத்தினாள். அது நின்ற இடத்தில் செல்லக்கிளி குனிந்தபடி, முகம் வெயிலில் சுருங்கி, எந்த அவசரமும் இல்லாமல் இருந்தாள்.

"இது நீ இல்லம்மா," என்றாள் அமலோற்பவம். "சத்தியமா இது நீ இல்ல. மூல ஷாட்ல நீ நிமிரவே இல்ல. எனக்கு ஒவ்வொரு ஃபிரேமும் மனப்பாடம்."

செல்லக்கிளி மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தன் வலது கையைத் தூக்கி மெதுவாகக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு இறக்கிக்கொண்டாள்.

வேம்புலிதான் முதலில் அந்த யோசனையைச் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. பதினேழு பிணத்தையும் கூட நின்று தூக்கியவன்.

"அக்கா, பேரப் படிச்சுத்தான சைரன சேத்துச்சு? அப்ப பேர மாத்திப் பாரு."

அமலோற்பவம் அவனை முறைத்தாள். ஆனால் அவளுக்குள்ளும் அந்த ஆசை இருந்தது. முதல் டிரைவில் 'சைரன் ஷாட்' என்பதை அழித்துவிட்டு, 'கரை, கருவாடு, அமைதி, சைரன் அடிக்கவில்லை' என்று எழுதினாள். டிரைவில் விளக்கு கொஞ்சநேரம் மினுங்கியது. ஷாட்டைத் திறந்தாள்.

காற்று, காக்கை, அலை. வள்ளியம்மையின் சிரிப்பு. இரண்டு நாற்பத்தொன்று, இரண்டு நாற்பத்திரண்டு, இரண்டு நாற்பத்தைந்து. ஒரு சத்தமும் இல்லை. செல்லக்கிளி குனிந்தே இருந்தாள். அமலோற்பவத்தின் ஞாபகத்தில் இருந்த மூல ஷாட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"இதான்! இதாங்கா நடந்தது!" வேம்புலி மேஜையைத் தட்டினான். "இதையே குடுத்துரலாம்."

"இதுவும் அது வரைஞ்சதுதான், வேம்புலி. அன்னிக்கு சைரன்னு பேர் வச்சோம், சைரன் போட்டுது. இன்னிக்கு இல்லன்னு சொன்னோம், எடுத்துடுச்சு. நம்ம வாயில வந்தத நமக்கே திருப்பிக் குடுக்குது."

"ஆனா நெசம் இதானே?"

"நெசந்தான். ஆனா சாட்சி இல்ல. அவங்க ஒரு நிபுணர வச்சு டிரைவப் பாத்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும், நாம பேர மாத்தினது. அப்புறம் ஊர்ல யார் என்ன சொன்னாலும் எடுபடாது. படமே பொய்னு ஆயிடும்."

"அப்ப சும்மா வுட்டுரலாமா? பதினேழு பேருக்கா!"

அவன் கத்தினான். அவளும் கத்தினாள். ஊர்க்காரர்களின் வழக்கறிஞருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்கள். அவர் விவரம் தெரிந்த மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஃபுட்டேஜைத் தொடவே வேண்டாம், தொலைந்துபோனதாகச் சொல்லிவிடலாம் என்றார். "செல்லக்கிளியம்மா வாக்குமூலம் போதும். அன்னிக்குக் கரையில இருந்த ரெண்டு பேர்ல அவங்க ஒருத்தர்தான் உயிரோட இருக்காங்க. பெத்த பிள்ளையப் பறிகொடுத்தவங்க. அடிக்கலன்னு அவங்க ஒரு வார்த்தை சொன்னா அந்தப் பட்டியலெல்லாம் நிக்காது."

வேம்புலிக்கு உயிர் வந்தது. திரும்பி, "கேட்டியா செல்லக்கிளி? உன் வாய்தான் இனி எல்லாம்," என்றான்.

செல்லக்கிளி இரண்டு மானிட்டரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இடதுபக்கம் மூன்றாவது பிரதியில் நிறுத்திவைத்த படம். வலதுபக்கம் சத்தமில்லாத புதுப்படம்.

"அக்கா, இதுல நான் நிமிரலையே?" என்றாள்.

"ஆமாம்மா. நீ நிமிரல. அதான் உண்மை."

"இதுவும் மெஷின் சொன்னதுன்னீங்க."

"ஆமா. ஆனா..."

"வெயிலு கண்ணுல அடிச்சுச்சு. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." அவள் யாரோடும் பேசுகிறமாதிரி இல்லை. "இடுப்பு வலிச்சுச்சு. நிமிந்தேன்னுதான் தோணுது."

"நாப்பது நிமிஷம் குனிஞ்சிருந்தா யாரும் ஒரு தடவ நிமிரத்தாம்மா செய்வாங்க. அது சைரனுக்கு இல்ல."

"ஆமால்ல," என்றாள் செல்லக்கிளி. எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, நெத்திலியை வெயிலில் ஒரு தடவை காயவைத்துவிட்டு டப்பாவில் போடச் சொல்லிவிட்டுப் போனாள். அமலோற்பவம் அன்றைக்கே மூன்று டிரைவிலும் அந்த ஷாட்டை அழித்தாள். அழிக்க உள்ளே ஒன்றுமில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஆணையம் மாவட்டத் தலைநகரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடியது. அமலோற்பவம் அதிகாலை பஸ்ஸில் கிளம்பிப் போனாள். போக வேண்டிய அவசியமில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை. ஊர்க்காரர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். முருகையன் கடைசிச் சுவரில் சாய்ந்து நின்றான். கறுத்து, மெலிந்து, சட்டையில் கடைசிப் பொத்தான் இல்லாமல் இருந்தான். வேம்புலிதான் இன்னார் என்று காட்டினான்.

செல்லக்கிளியைக் கூப்பிட்டார்கள். சத்தியம் செய்யச் சொன்னார்கள், செய்தாள். பெயர், ஊர், அன்றைக்கு எங்கே இருந்தாய், என்ன செய்தாய் என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னாள். வழக்கறிஞர் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அன்று பிற்பகல் ஆலையின் சைரன் ஒலித்ததா?"

செல்லக்கிளி கடைசிச் சுவர்ப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். முருகையன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

"அடிச்சுதுங்க," என்றாள். "ரெண்டே முக்காலுக்கு முன்னாடி. நான் நிமிந்து பாத்தேன். பாத்துட்டு வேலையப் பாத்தேன்."

ஹாலில் ஒரே கூச்சல். யாரோ அவளை வசைபாடினார்கள். யாரோ அழுதார்கள். ஆலைக்காரர்களின் வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அவர் கேட்க வேண்டிய கேள்வி எதுவும் மிச்சமில்லை. முருகையன் எப்போது வெளியே போனான் என்று யாரும் கவனிக்கவில்லை.

அமலோற்பவம் அவளை வராந்தாவில் பிடித்தாள். தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏம்மா அப்படிச் சொன்னே? அடிக்கல! உனக்கே தெரியும், அடிக்கல! நான் கேட்டிருக்கேன், நூறு தடவை கேட்டிருக்கேன், அதுல ஒண்ணுமே இல்ல! பொய் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

செல்லக்கிளி அவள் கையை மெதுவாக விலக்கினாள். கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"சத்தியம் வாங்கிட்டுல்லக்கா கேட்டாங்க," என்றாள். "மனசுல இப்பக் கேக்கறதத்தானே சொல்ல முடியும்?"